வட்டியில்லா வங்கியும் வட்டியை ஆளும் வங்கியும்

விலைவாசியையும் கடன் பெருக்கத்தையும் கட்டுக்குள் வைத்திருக்க ஒரு நாட்டின் மத்திய வங்கி கையாளும் வழிமுறைகளின் தொகுப்பு பணக்கொள்கை எனப்படுகிறது. வங்கிகள் தமக்குள் ஓரிரவுக்குக் கடன் கொடுத்து வாங்கும்போது செலுத்திக்கொள்ளும் வட்டியே இன்று பெரும்பாலான நாடுகளில் அக்கொள்கையின் தலையாய கருவி. மத்திய வங்கி அந்த வட்டியை உயர்த்தினால் வீட்டுக் கடன் முதல் தொழிற்கடன் வரை எல்லாம் விலையேறிச் சுருங்குகின்றன, தாழ்த்தினால் விரிகின்றன. கொடுத்த கடனுக்கு மேல் முன்கூட்டியே உறுதிசெய்துகொண்டு பெறும் எந்த மிகுதியையும் ரிபா என்று இஸ்லாமிய வணிகச் சட்டம் விலக்குகிறது. அச்சட்டத்தின்படி நடக்கும் வங்கி ஒன்று வட்டி வாங்கவும் செய்யாது, கொடுக்கவும் செய்யாது என்னும்போது, வட்டியை அசைத்து நாட்டை நடத்தும் மத்திய வங்கி அதனை எந்த வழியாகச் சென்றடையும் என்ற கேள்வி எழுகிறது. ஈரான், பாகிஸ்தான், சூடான் ஆகிய நாடுகள் வங்கித்துறை முழுவதையும் மாற்றி இதற்கு விடை காண முயன்றன. மலேசியா இருவகை வங்கிகளையும் ஒரே மத்திய வங்கியின்கீழ் அருகருகே நிறுத்தியது. விடையின் நிறைகுறைகளை மற்ற எங்கும் காணமுடியாத தெளிவோடு காட்டுவது இந்த இரண்டாவது வழியின் வரலாறுதான்.

அவ்வரலாறு வங்கியில் தொடங்கவில்லை. ஹஜ் பயணத்துக்குச் சேர்த்த பணத்தில் தொடங்கியது. மலாயாவின் கிராமப்புற முஸ்லிம்கள் மக்கா செல்லும் ஆசையில் ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்தார்கள். ஆனால் வட்டி கலந்த பணத்தில் ஹஜ் கடமையை நிறைவேற்றக்கூடாது என்ற அச்சத்தால் வங்கியின் பக்கம் போகாமல் வீட்டுக்குள் மறைத்துவைத்தார்கள், அல்லது கால்நடையாகவும் நிலமாகவும் மாற்றிவைத்துப் பயண ஆண்டில் விற்றார்கள். திரும்பி வந்தபோது பிழைப்புக்கான நிலம் கைவிட்டுப் போயிருந்தது. கிராமப் பொருளாதாரத்தில் கடன் கிடைத்த இடங்களோ வட்டிக்குக் கொடுப்பவர்களின் கைகளில் இருந்தன. தமிழகத்திலிருந்து சென்ற நகரத்தார் அவர்களுள் முதன்மையானவர்கள். கடன் கொடுத்தவர்களிடம் மலாய் விவசாயிகளின் நிலம் போய்ச் சேருகிறது என்ற கவலையும் 1913-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் பிறந்ததற்கு ஒரு காரணமாயிற்று. சட்டம் நிலத்தைக் காக்க முயன்றதே தவிர, வட்டியைத் தொட விரும்பாத குடும்பம் தன் சேமிப்பை எங்கே வைப்பது என்பதற்கு அது வழிசொல்லவில்லை.

1959-இல் இரண்டு நிகழ்ச்சிகள், ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், இவ்வரலாற்றுக்கு அடித்தளமிட்டன. அவ்வாண்டு ஜனவரியில் மலாயாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டில் பொருளியலாளர் உங்கு அப்துல் அசிஸ், ஹஜ் செல்ல விரும்புவோரின் பொருளாதார நிலையை உயர்த்தும் திட்டம் ஒன்றை எழுதி முன்வைத்தார். சிறுசிறு தொகைகளைத் திரட்டி, வட்டிக்கு விடாமல், அனுமதிக்கப்பட்ட தொழில்களிலும் நிலத்திலும் முதலிட்டு, கிடைத்த இலாபத்தைச் சேமித்தவர்களுக்கே பகிர்ந்தளிப்பது அதன் சாரம். அத்திட்டத்தின்படி 1962-இல் சட்டப்படி அமைக்கப்பட்டு 1963-இல் இயங்கத் தொடங்கிய ஹஜ் சேமிப்புக் கழகம், 1969-இல் பினாங்கிலிருந்த ஹஜ் விவகார அலுவலகத்தோடு இணைக்கப்பட்டு, பின்னாளில் தாபோங் ஹாஜி என்ற பெயரால் நாடறிந்த நிறுவனமாயிற்று. எகிப்தின் நைல் டெல்டாப் பகுதியிலுள்ள மித் கம்ர் ஊரில் அகமது அல்-நஜ்ஜார் ஜெர்மனியின் சேமிப்பு வங்கிகளை முன்மாதிரியாகக்கொண்டு வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் திறந்ததும் இதே 1963-இல்தான். எகிப்திய முயற்சி அரசியல் நெருக்கடியில் சில ஆண்டுகளிலேயே முடிந்துபோனது. மலேசியக் கழகம் இன்றும் இயங்குகிறது. அரசின் ஆதரவு இருந்தது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணம். ஹஜ் என்ற திட்டவட்டமான நோக்கத்துக்காக நீண்டகாலம் எடுக்கப்படாமல் கிடந்த பணம் அக்கழகத்தின் கையிலிருந்ததும் அதே அளவு முக்கியமான காரணம்.

1975-இல் ஜித்தாவில் இஸ்லாமிய வளர்ச்சி வங்கியும் அதே ஆண்டில் துபாய் இஸ்லாமிய வங்கியும் தொடங்கப்பட்ட பின்னர் மலேசியாவிலும் முழுமையான வங்கி வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1980-இல் பூமிபுத்ரா பொருளாதார மாநாடு அதனைத் தீர்மானமாக்கியது. 1981-இல் ராஜா மோஹார் தலைமையில் அமைந்த தேசியக் குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. 1983 ஏப்ரலில் இஸ்லாமிய வங்கிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜூலை 1 அன்று பேங்க் இஸ்லாம் வாடிக்கையாளர்களுக்குக் கதவு திறந்தது.

வங்கியைத் திறப்பது எளிதாகவும், அதனை மத்திய வங்கியின் ஒழுங்குக்குள் நிறுத்துவது கடினமாகவும் இருந்தது. வைப்புத்தொகையில் ஒரு பகுதியை மத்திய வங்கியிடம் சட்டப்பூர்வ இருப்பாக வைக்கவேண்டும் என்ற விதியில் சிக்கல் எழவில்லை. மலேசியாவில் அந்த இருப்புக்கு வட்டியே கிடையாது என்பதால் அவ்விதி இருவகை வங்கிகளுக்கும் ஒன்றுபோலப் பொருந்தியது. இன்னொரு பகுதியை உடனே காசாக்கக்கூடிய அரசுப் பத்திரங்களில் வைத்திருக்கவேண்டும் என்ற விதிதான் முட்டியது. கருவூல உண்டியல்களும் அரசுக் கடன் பத்திரங்களும் வட்டி தருபவை. இதற்காகவே 1983-இல் அரசு முதலீட்டுச் சட்டம் தனியாக இயற்றப்பட்டது. அதன்கீழ் வெளியிடப்பட்ட சான்றிதழை வாங்கும் வங்கி, அரசுக்குக் கர்ழ் ஹசன் எனப்படும் அழகிய கடனை, அதாவது முதலைத் தவிர வேறெதையும் திருப்பிக் கேட்க உரிமையில்லாத கடனை, கொடுத்ததாகக் கொள்ளப்பட்டது. அரசு எந்த வருவாயையும் வாக்களிக்கவில்லை; நிதி அமைச்சகம், மத்திய வங்கி, பொருளாதாரத் திட்டமிடல் பிரிவு, பிரதமர் துறையின் சமய விவகாரப் பிரிவு ஆகியவற்றின் பிரதிநிதிகள் கூடி, அரசு தன் விருப்பத்தில் கொடுக்கும் அன்பளிப்பின் அளவை முடிவுசெய்தார்கள். முடிவு அன்பளிப்பாகவே இருந்தாலும், அரசின் கடனுக்கு என்ன பலன் கிடைக்கும் என்பதை வட்டி விகிதத்தின் துணையின்றி ஒரு குழு தீர்மானிக்க முயன்ற அரிய சோதனை அது. அதன் குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. கடனை இலாபத்துக்கு விற்க முடியாது என்பதால் அச்சான்றிதழ்கள் சந்தையில் கைமாற முடியாமல் தேங்கின. காசு தேவைப்பட்ட வங்கி மத்திய வங்கியின் சாளரத்தைத் தவிர வேறெங்கும் அவற்றைக் கொண்டுபோக இயலவில்லை. கைமாறாத பத்திரத்தைக்கொண்டு மத்திய வங்கி சந்தையில் பணத்தை விடவோ இழுக்கவோ முடியாது. பணக்கொள்கைக்குத் தேவையான அடிப்படைக் கருவி பத்தாண்டுகளாக இல்லாமலே இருந்தது.

1993 மார்ச்சில் பேங்க் நெகாரா, வழக்கமான வங்கிகளும் தம் கிளைகளில் தனிக்கணக்கோடு இஸ்லாமியச் சேவை வழங்கலாம் என்ற வட்டியில்லா வங்கித் திட்டத்தை அறிவித்தது. ஒரே வங்கி என்ற நிலை மாறிப் பல பங்காளிகள் சேர்ந்ததால் அவர்களுக்குள் உபரியும் பற்றாக்குறையும் பரிமாறிக்கொள்ள ஒரு சந்தை தேவைப்பட்டது. 1994 ஜனவரி 3 அன்று வங்கிகளுக்கிடையிலான இஸ்லாமியப் பணச் சந்தை தொடங்கிவைக்கப்பட்டது. அச்சந்தையின் மையக் கருவி முளாரபா முதலீடு. முளாரபா என்பது ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் இட்டு, இலாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக்கொண்டு, நட்டம் வந்தால் முதலிட்டவரே தாங்கும் கூட்டு. உபரிப் பணமுள்ள வங்கி ஓரிரவு முதல் 12 மாதம் வரை பற்றாக்குறை வங்கியிடம் முதலிடும். பணத்தைப் பெற்ற வங்கி ஓராண்டு முதலீடுகளில் ஈட்டிய மொத்த இலாப விகிதத்தை அடிப்படையாகக்கொண்டு, பேசிய பங்கு கொடுக்கப்படும். கோட்பாட்டுக்கு இவ்வளவு நெருங்கி நின்ற பணச் சந்தை வேறெங்கும் அதற்கு முன் இயங்கியதில்லை என்று சொல்லத் தகும். ஆனால் பணம் வேண்டி நிற்கும் வங்கி பெரும்பாலும் இலாபம் குறைந்த வங்கியாகவே இருந்தது. அதனிடம் முதலிடுபவருக்குக் குறைந்த பலனே கிடைத்தது. 1996 பிப்ரவரியில் பேங்க் நெகாரா ஒரு குறைந்தபட்ச அளவுகோலை விதித்தது: அரசு முதலீட்டுச் சான்றிதழின் விகிதத்தோடு 0.5 விழுக்காடு கூட்டிய அளவுக்குக் கீழே கணக்கு போகக்கூடாது. அச்சான்றிதழின் பலனோ அதற்குள் நாட்டின் பொதுவான வட்டி நிலையைத் தழுவியே நடந்துகொண்டிருந்தது. இலாபப் பங்கீட்டுச் சந்தைக்குள் வட்டி விகிதம் நுழைந்த வாசல் இதுவே. சந்தையை நடத்தவேண்டிய பொறுப்பிலிருந்தவர்களுக்கு அன்று வேறு வழி தோன்றியிருக்கும் என்று நினைப்பது கடினம்.

அடுத்த ஆண்டு வந்த ஆசிய நிதி நெருக்கடி, வங்கிகளின் சொத்துப் பக்கத்திலிருந்த வேறொரு பலவீனத்தைத் திறந்துகாட்டியது. பேங்க் இஸ்லாமும் ஏனைய வங்கிகளும் கொடுத்த வீட்டு நிதியில் பெரும்பகுதி தவணை விற்பனை முறையில் அமைந்தது: வங்கி வீட்டை வாங்கி, தன் இலாபத்தையும் சேர்த்த நிலையான விலைக்கு வாடிக்கையாளருக்கு விற்று, 20 அல்லது 25 ஆண்டுத் தவணைகளில் வசூலிக்கும். விற்ற விலையை வங்கி பின்னர் உயர்த்த முடியாது. 1998 பிப்ரவரியில் மத்திய வங்கி தன் தலையீட்டு வட்டியை 11 விழுக்காட்டுக்கு உயர்த்தியபோது வழக்கமான வங்கியில் கடன்பட்டவரின் தவணை ஏறியது. இஸ்லாமிய வங்கியில் வாங்கியவரின் தவணை அசையவில்லை. வாடிக்கையாளருக்கு அது பெரும் காப்பு. வங்கிக்கோ நெருக்கடி: அதன் வருவாய் பழைய விலையில் உறைந்திருக்க, வைப்பாளர்கள் எதிர்வரிசை வங்கி தரும் உயர்ந்த வட்டியைப் பார்த்து அதற்கு ஈடான பலன் கேட்டார்கள், இல்லையேல் பணத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். வட்டி தாழ்ந்த காலத்தில் இதற்கு நேர்மாறாக வைப்பாளர்கள் இஸ்லாமிய வங்கிக்கு வந்தார்கள், நிதி பெறுபவர்கள் விலகினார்கள். இருவகை வங்கிகளும் அருகருகே நிற்கும் நாட்டில், ஒருபக்கம் அசையும் விலையும் மறுபக்கம் அசையாத விலையும் நீடித்திருக்க முடியாது.

2003-இல் வந்த தீர்வு சட்ட நுணுக்கம் நிறைந்தது. விற்பனை விலை மிக உயர்ந்த ஓர் உச்ச இலாப விகிதத்தில் கணக்கிடப்பட்டு ஒப்பந்தத்தில் எழுதப்படும். மாதந்தோறும் வங்கி அந்த உச்சத்துக்கும் நடப்பு விகிதத்துக்கும் இடையிலான தொகையை இப்ரா எனப்படும் தள்ளுபடியாக விட்டுக்கொடுக்கும். நடப்பு விகிதம் வழக்கமான வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டியைப் பின்பற்றியது. 2004 ஏப்ரலில் பேங்க் நெகாரா ஓரிரவுக் கொள்கை வட்டி விகிதத்தை, மலேசியர்கள் ஓபிஆர் என்று சுருக்கிச் சொல்வதை, 2.70 விழுக்காட்டில் தொடங்கித் தன் பணக்கொள்கையின் ஒரே சைகையாக்கியது. அதுமுதல் கோலாலம்பூரில் எடுக்கப்படும் வட்டி முடிவு கெடாவிலோ ஜொகூரிலோ இஸ்லாமிய முறையில் வீடு வாங்கியவரின் தவணையையும் விரைவில் அடைந்தது. மத்திய வங்கியின் பார்வையில் இது வெற்றி. கொள்கையின் கட்டளை நாட்டின் எல்லா வங்கிகளிலும் கேட்டது. 1998-இன் காப்பு வாடிக்கையாளர் கையிலிருந்து போனதே அதற்குக் கொடுத்த விலை.

இக்காலத்தில் பேங்க் நெகாராவின் ஆளுநராக, 2000 முதல் 2016 வரை, இருந்தவர் உங்கு அப்துல் அசிஸின் மகள் ஸெத்தி அக்தார் அசிஸ். 2001-இல் வெளிவந்த நிதித்துறைப் பெருந்திட்டம் 2010-க்குள் இஸ்லாமிய வங்கிகள் 20 விழுக்காட்டுப் பங்கை எட்டவேண்டும் என்று இலக்கு வைத்தது. வெளிநாட்டு இஸ்லாமிய வங்கிகளுக்கு உரிமம் தரப்பட்டது. இஸ்லாமிய நிதிச் சேவைகள் வாரியம் கோலாலம்பூரில் தலைமையகம் கொண்டது. பணக்கொள்கையின் வரலாற்றில் இவற்றைவிடக் கனமானவை அன்று உருவான கருவிகள். 2006 பிப்ரவரியில் மத்திய வங்கியே 40 கோடி ரிங்கிட் மதிப்பில் இஜாரா சுகூக் வெளியிட்டது. இஜாரா என்பது குத்தகை, சுகூக் என்பது சொத்தின் உரிமையைக் காட்டும் சான்றிதழ், ஆகவே அதனை வைத்திருப்பவர் பெறுவது வாடகை. 2007-இல் செம்பனை எண்ணெய் பணக்கொள்கைக்குள் வந்தது. சந்தையிலிருந்து உபரிப் பணத்தை இழுக்க மத்திய வங்கி விரும்பும்போது, வணிக வங்கி தரகரிடம் எண்ணெயை ரொக்கத்துக்கு வாங்கி, இலாபம் சேர்த்த விலைக்குத் தவணையில் மத்திய வங்கிக்கு விற்கும். மத்திய வங்கி அதே எண்ணெயை வேறொரு தரகருக்கு விற்றுவிடும். எண்ணெய் சுற்றிவர, பணம் மத்திய வங்கியில் தங்கும். தவணை முடிவில் இலாபத்தோடு திரும்பும். இந்த இலாபம் ஓபிஆர் நிலையைத் தழுவியதாகவே இருக்கும். அரசு முதலீட்டுச் சான்றிதழால் பத்தாண்டு முடியாததை எண்ணெய் செய்துமுடித்தது.

இதற்குச் சமய அறிஞர்களிடையே எழுந்த எதிர்ப்பு கடுமையானது. ஒரு பொருளை வாங்கி விற்பதன் நோக்கமே ரொக்கம் பெறுவதாக இருந்து, சுற்று முழுவதும் முன்பே ஏற்பாடு செய்யப்பட்டதாகவும் இருந்தால் அது ஒழுங்கமைக்கப்பட்ட தவர்ருக் எனப்படும். சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி 2009 ஏப்ரலில் ஷார்ஜாவில் கூடி அத்தகைய தவர்ருக்கை ஏற்க மறுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மலேசியா இவ்வகை வணிகத்துக்கென்றே பங்குச் சந்தையின்கீழ் சூக் அல்-சிலா என்ற பண்டச் சந்தையைத் திறந்தது. தமிழகக் கடலோர முஸ்லிம்களைப் போலவே மலேசிய முஸ்லிம்களும் பெரும்பாலும் ஷாஃபி சட்ட மரபினர். ஒப்பந்தத்தின் வெளிப்படையான வடிவம் முறையாக அமைந்திருந்தால் அதனை ஏற்கும் போக்கு அம்மரபில் உண்டு என்பது மலேசிய அறிஞர்களின் வாதம். வளைகுடா அறிஞர்களில் பலர் நோக்கத்தை முதன்மையாகக் கொண்டார்கள். இருதரப்பும் நேர்மையான கற்றலிலிருந்தே பேசின. எனினும் எங்கோ தொட்டியில் கிடக்கும் எண்ணெயை நொடியில் கைமாற்றி வட்டிக்கு இணையான தொகையைப் பெறுவது, ரிபா விலக்கின் பின்னுள்ள பொருளாதார நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்ற வினாவுக்கு ஒப்பந்தத்தின் வடிவம் மட்டும் பதிலாகாது.

கருத்து வேறுபாடு நீதிமன்றத்துக்குள்ளும் வந்தது. 2008-இல் உயர்நீதிமன்றம் ஒன்று தவணை விற்பனை முறையின் அடிப்படையையே ஐயுற்றுத் தீர்ப்பளிக்க, 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 1997-இல் பேங்க் நெகாரா அமைத்திருந்த ஷரீஆ ஆலோசனை மன்றத்தின் கருத்தை நீதிமன்றங்களும் பின்பற்றியாகவேண்டும் என்று 2009-ஆம் ஆண்டு மத்திய வங்கிச் சட்டம் விதித்தது. மத்திய வங்கிக்குள் சமயச் சட்டத்தின் இறுதி விளக்கமும் அமர்ந்த அரிய அமைப்பு இது. சந்தைக்கு இது நிலைத்தன்மை தந்தது, திறந்த விவாதத்துக்கான இடத்தைச் சுருக்கவும் செய்தது.

முழு மாற்றத்தைத் தேர்ந்த நாடுகளின் நிலை மேலானதாக இருக்கவில்லை. ஈரானில் 1983-ஆம் ஆண்டின் வட்டியில்லா வங்கிச் சட்டத்துக்குப் பிறகும் வங்கிகள் தரவேண்டிய இலாப விகிதங்களைப் பணம் மற்றும் கடன் மன்றம் ஆணையாக அறிவித்தது. பாகிஸ்தானில் 1985-இல் உள்நாட்டு வைப்புகள் அனைத்தும் இலாப நட்டக் கணக்குகளாக மாற்றப்பட்டபோதும், வட்டியை ஒழிப்பது பற்றிய வழக்கு 1991, 1999, 2022 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளுக்குப் பின்னரும் முடியவில்லை. சூடானின் முயற்சியே சிந்தனையில் துணிவு மிக்கது: 1996-இல் பணவீக்கம் 100 விழுக்காட்டைத் தாண்டியிருந்த நாட்டில், வங்கிகளில் அரசுக்கும் மத்திய வங்கிக்கும் இருந்த பங்குகளைக் கூறுபோட்டு முஷாரகா, அதாவது கூட்டுரிமை, சான்றிதழ்களாக 1998 முதல் ஏலத்தில் விற்று வாங்கிப் பணப்புழக்கத்தை ஒழுங்குசெய்ய மத்திய வங்கி முனைந்தது. வட்டியின் நிழல் இல்லாத கருவி அது. ஆனால் அவ்வாறு கூறுபோடக்கூடிய பங்குகளின் அளவே அதன் எல்லையாயிற்று.

சர்வதேச நாணய நிதியத்தின் பொருளியலாளர் மொஹ்சின் கான் 1986-இல், வைப்பாளரும் இலாப நட்டத்தில் பங்கேற்கும் வங்கி முறை, சொத்தின் மதிப்பு சரியும்போது பொறுப்பும் தானே சரிவதால் அதிர்ச்சிகளை எளிதில் தாங்கும் என்று காட்டியிருந்தார். மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் இந்த வாக்குறுதியை மெய்யாகவே சோதித்தது. முதலுக்கு உத்தரவாதம் உள்ளது வைப்பு என்றும், உத்தரவாதமும் வைப்புக் காப்பீடும் இல்லாமல் நட்டத்தைத் தாங்குவது முதலீட்டுக் கணக்கு என்றும் சட்டம் பிரித்தது. பேங்க் நெகாரா எடுத்த முடிவுகளுள் இதுவே மிக நேர்மையானது. அதுவரை முளாரபா என்ற பெயரில் இருந்த கணக்குகளில் நட்டம் வைப்பாளரைத் தொடாதபடி வங்கிகள் பார்த்துக்கொண்டன. பிரிப்பு நிறைவேறியபோது அப்பணத்தின் பெரும்பகுதி முதலீட்டுக் கணக்குக்குப் போகவில்லை. முன்பே நிச்சயித்த பலன் தரும் தவர்ருக் வைப்புகளுக்குச் சென்றது. மலேசியத் தரவுகளை ஆராய்ந்து பெங் சூன் சோங், மிங்-ஹுவா லியு ஆகியோர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, இஸ்லாமிய வைப்புகளின் பலன் வழக்கமான வைப்பு வட்டியை நெருங்கிப் பின்தொடர்கிறது என்று கண்டதும் இதே திசையைத்தான் சுட்டியிருந்தது.

ஆகவே மத்திய வங்கியின்மீது மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. ஒரே நாட்டில் ஒரே பணத்துக்கு இரண்டு விலைகள் நிலவ முடியாது என்ற நெருக்கடியில் அது இஸ்லாமிய வங்கிகள் கவிழாமல் காத்தது. உபரிப் பணத்தை வைக்க இடமும், தட்டுப்பாட்டில் கைகொடுக்கும் கருவியும் இல்லாதிருந்தால் அவை ஒரு நெருக்கடியைக்கூடக் கடந்திருக்க மாட்டா. நட்டத்தில் பங்கேற்கும் வைப்பாளரை மட்டும் எந்தச் சட்டத்தாலும் உருவாக்க முடியவில்லை. 1963-இல் ஹஜ் சேமிப்பாளர்கள் வாக்களிக்கப்பட்ட விகிதம் எதையும் கேட்காமல் கொடுத்துவைத்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது, தொடக்கப் புள்ளியே பணக்கொள்கைக்குள் வந்தபின் உருவான எதையும்விடக் கோட்பாட்டுக்கு நெருங்கியிருந்தது என்பது புலனாகும்.

2022 மார்ச்சில் பேங்க் நெகாரா, இஸ்லாமியப் பணச் சந்தையில் உண்மையாக நடந்த ஓரிரவுப் பரிமாற்றங்களிலிருந்து கணக்கிடப்படும் மலேசிய இஸ்லாமிய ஓரிரவு விகிதத்தை வெளியிடத் தொடங்கியது. பரிமாற்றங்களை அடிப்படையாகக்கொண்ட இஸ்லாமிய விகிதங்களில் உலகிலேயே அதுதான் முதலாவது. நாட்டின் மொத்த வங்கி நிதியில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இன்று இஸ்லாமிய முறையில் வழங்கப்படுகிறது. அந்த ஓரிரவு விகிதமோ, ஓபிஆர் எங்கு நிற்கிறதோ அதன் அருகிலேயே நிற்கிறது.